அழித்தது எங்கே போனது?

"டெலிட் பண்ணியாச்சு சார்" என்ற வாக்கியத்தைக் கேட்காதவர்கள் இன்று இருக்க முடியாது. வங்கியில் கணக்கை மூடினால் சொல்கிறார்கள். தொலைபேசி இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சொல்கிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். காகிதக் காலத்தில் ஒரு குமாஸ்தா இப்படிச் சொல்லியிருந்தால், "கிழித்தீர்களா, எரித்தீர்களா, சிவப்பு மையில் கோடு போட்டு அடித்தீர்களா?" என்று கேட்டிருப்போம். மூன்றும் வேறு வேறு என்பது பேரேடு எழுதிய எல்லோருக்கும் தெரியும். கோடு போட்டு அடித்ததைப் பத்து வருடம் கழித்தும் படிக்கலாம்.

கம்ப்யூட்டரில் அழிப்பது இந்த மூன்றில் எந்த வகை? இதற்கு விடை வேண்டுமென்றால் டேட்டாபேஸ் என்னும் பெட்டியின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கென்றே சில கருவிகள் இருக்கின்றன. டிஸ்க்கில் தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை வண்ணக் கட்டங்களாகத் திரையில் காட்டும் கருவிகள். அவற்றில் ஒன்றைப் பற்றியும், அது காட்டும் அந்தப் "பக்கம்" எப்படி உருவாயிற்று என்ற ஐம்பது வருடக் கதையையும் எழுதலாம் என்று தோன்றியது. தொழில்நுட்பம் என்று பயந்து ஓடிவிட வேண்டாம். கணக்கு நோட்டு வைத்திருந்த எவருக்கும் இது புரியும்.

மறைக்கச் சொன்னவர்

ஐபிஎம் கம்பெனி 1956-இல் ராமாக் என்ற இயந்திரத்தை அறிமுகம் செய்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுழலும். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதுமா என்பது சந்தேகம். ஆனால் வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம் என்ற வசதி அன்றுதான் வந்தது. அதற்கு முன் காந்த நாடாதான். நடுவில் இருப்பது வேண்டுமென்றால் முதலிலிருந்து சுற்றிக்கொண்டே வர வேண்டும்.

நேராகப் போகலாம் என்றால், எங்கே போவது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பொறுப்பு புரோகிராம் எழுதுபவர் தலையில் விழுந்தது. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சார்லஸ் பாக்மன் என்பவர் ஐடிஎஸ் என்ற அமைப்பை உருவாக்கினார். ஒரு ரெக்கார்டிலிருந்து அடுத்த ரெக்கார்டுக்குச் சங்கிலி போட்டுக்கொண்டே போகும் ஏற்பாடு. 1973-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தபோது நிகழ்த்திய உரையில், புரோகிராம் எழுதுபவரைக் கப்பல் ஓட்டும் மாலுமிக்கு ஒப்பிட்டார். அழகான உவமைதான். ஆனால் சங்கிலியின் வழியை மாற்றினால், அதை நம்பி எழுதிய புரோகிராம்களையெல்லாம் திருத்த வேண்டும். துறைமுகத்தை இடம் மாற்றினால் எல்லா மாலுமிகளும் மறுபடி பாடம் படிக்க வேண்டிய நிலை.

இதற்கு நேர் எதிரான யோசனையைச் சொன்னவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டி, பிறகு அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்த கணித மேதை. 1970 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம் இதுதான்: தகவல் எந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கவலை பயன்படுத்துபவருக்கு இருக்கவே கூடாது. அவர் கண்ணுக்கு அட்டவணைகள் மட்டுமே தெரிய வேண்டும். என்ன வேண்டும் என்று அவர் கேட்கட்டும். எங்கிருந்து எடுப்பது என்பதை எந்திரம் பார்த்துக்கொள்ளும். ஹோட்டலில் இட்லி கேட்கிறோம், எந்த அடுப்பு, எந்தப் பாத்திரம் என்றா கேட்கிறோம்?

இன்று நாம் பயன்படுத்தும் வங்கி, ரயில்வே, ரேஷன் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் அஸ்திவாரம் அந்தக் கட்டுரை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்முடைய கேள்விக்கான விடை கண்ணுக்குப் படாமல் போனதும் அங்கேதான். வாடிக்கையாளருக்குச் சமையல்கட்டு தெரியக் கூடாது என்று சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது மெல்ல மெல்ல ஒரு சிலருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஆயிற்று.

பின்னாலிருந்து எழுதும் நோட்டு

காட் எழுதியது தத்துவம். அதை ஓடவைத்துக் காட்டியது 1974-இல் ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய சிஸ்டம் ஆர் என்ற திட்டம். அதை இரண்டு மாடிகளாகக் கட்டினார்கள். மேல்மாடியில் கேள்வியைப் புரிந்துகொள்ளும் பகுதி. எஸ்க்யூஎல் மொழி பிறந்தது அங்கேதான். கீழ்மாடியில் டிஸ்க்கோடு மல்லுக்கட்டும் பகுதி. நம் கதை கீழ்மாடியில் நடக்கிறது.

கீழ்மாடியில் எல்லாமே "பக்கம்" கணக்கு. சிஸ்டம் ஆரில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட். டிஸ்க்கிலிருந்து ஒரு பெயர் மட்டும் வேண்டுமென்றாலும் முழுப் பக்கத்தையும்தான் எடுத்து வர வேண்டும். அந்தப் பக்கத்துக்குள் வரிகளை எப்படி எழுதுவது? வரிகள் ஒரே நீளமாக இருந்தால் தொல்லை இல்லை. ஆனால் ஒருவர் பெயர் "ரவி", இன்னொருவர் பெயர் "மீனாட்சிசுந்தரம்". நாளைக்கு ரவி தன் முகவரியை மாற்றினால் வரி நீளும்.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்த காரியத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே நோட்டில் முன்பக்கத்திலிருந்து பாடம் எழுதுவோம், பின்பக்கத்திலிருந்து வேறு எதையாவது எழுதிக்கொண்டு வருவோம். இரண்டும் நடுவில் முட்டும்போது நோட்டு தீர்ந்தது என்று அர்த்தம். டேட்டாபேஸ் பக்கத்திலும் இதே ஏற்பாடுதான். மேலிருந்து வரிகள் வளரும். கீழிருந்து ஒரு சிறு பட்டியல் மேல்நோக்கி வளரும். அந்தப் பட்டியலில் இருப்பது, "முதல் வரி இந்த இடத்தில் ஆரம்பம், இரண்டாம் வரி இந்த இடத்தில் ஆரம்பம்" என்ற குறிப்பு மட்டுமே.

இதில் என்ன சாமர்த்தியம்? வெளியிலிருந்து ஒரு வரியைக் குறிப்பிடும்போது "இத்தனையாவது பக்கம், பட்டியலில் இத்தனையாவது இடம்" என்று விலாசம் சொன்னால் போதும். பக்கத்துக்குள் வரியை எங்கே நகர்த்தினாலும் பட்டியலில் உள்ள எண் மட்டும் மாறும், விலாசம் மாறாது. வீட்டுக்குள் கட்டிலைக் கூடத்திலிருந்து அறைக்கு நகர்த்தினால் தபால்காரருக்கு என்ன வந்தது? இந்த எளிய யோசனை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

சரி, எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு பி-மரம் என்ற இன்னொரு கண்டுபிடிப்பு கைகொடுத்தது. விமானம் செய்யும் போயிங் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் உருவாக்கியது. 1972-இல் அவர்கள் கட்டுரை அச்சில் வந்தது. "பி" என்றால் பேயரா, போயிங்கா என்று அவர்கள் அதில் சொல்லவில்லை. இன்றுவரை அது ஒரு விளையாட்டு விவாதமாகவே ஓடுகிறது. உச்சியில் ஒரு பக்கம். அது பல பக்கங்களுக்கு வழி காட்டும். அவை ஒவ்வொன்றும் இன்னும் பல பக்கங்களுக்கு வழி காட்டும்.

எவ்வளவு பலம் இதற்கு என்று ஒரு சின்னக் கணக்கு. 8,192 பைட் பக்கம், வரிசை எண்ணுக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால், மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு வழிகாட்டிப் பக்கத்தில் 622 குறிப்புகள் அடங்கும். இரண்டு படி இறங்கினால் 622-ஐ 622-ஆல் பெருக்கி 3,86,884 பக்கங்கள். பக்கத்துக்கு நூறு பேர் என்றால் 3 கோடியே 86 லட்சம் பேர். அத்தனை பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்றே பக்கங்களைப் படித்தால் போதும். தாலுகா அலுவலகத்து ரெக்கார்டு அறையில் ஒரு பழைய கோப்பைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

இரண்டாயிரத்திலிருந்து எட்டாயிரம்

ஐபிஎம்மில் இது நடந்துகொண்டிருந்த அதே சமயம் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்கிரஸ் என்ற இன்னொரு அமைப்பை உருவாக்கினார்கள். அங்கிருந்து போன பாப் எப்ஸ்டீன் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 1984-இல் சைபேஸ் கம்பெனியைத் தொடங்கினார். சைபேஸோடு மைக்ரோசாஃப்ட் கைகோத்து, 1989-இல் எஸ்க்யூஎல் சர்வர் வந்தது. சில வருடங்களில் கூட்டு முறிந்து, இருவரும் தனித்தனி வழியில் போனார்கள். அப்பா வீட்டு ஜாடை இரண்டு பிள்ளைகளிடமும் இருந்தது.

அந்த ஜாடையில் முக்கியமானது 2 கிலோபைட் பக்கம். 1980-களின் டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. ஒரு எழுத்துப் புலத்தில் 255 எழுத்துகளுக்கு மேல் வைக்க முடியாது. 1998-இல் வெளிவந்த 7.0 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கீழ்மாடியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. பக்கம் 2 கிலோபைட்டிலிருந்து 8 கிலோபைட் ஆனது. 255 என்ற எல்லை 8,000 ஆனது. யூனிகோடு எழுத்துகளை வைக்கத் தனி வகைப் புலமும் அப்போதுதான் வந்தது. தமிழில் பெயரை அப்படியே வைக்க வழி பிறந்தது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜிம் கிரே. சிஸ்டம் ஆரின் கீழ்மாடியில் வேலை செய்தவர்களில் ஒருவர். பணம் ஒரு கணக்கிலிருந்து கழிந்து இன்னொரு கணக்கில் சேருவதற்குள் மின்சாரம் போனாலும் கணக்கு தப்பாமல் இருப்பதற்கான இலக்கணத்தை எழுதியவர்களில் முதன்மையானவர். 1998-இல் டூரிங் விருது பெற்றார். அதே வருடம் மைக்ரோசாஃப்ட்டில் டெராசர்வர் என்ற தளத்தை உருவாக்க முன்னின்றார். வானிலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த பூமியின் படங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, புதிய எஸ்க்யூஎல் சர்வரில் அடுக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கூகுள் மேப்ஸ் வருவதற்குப் பல வருடம் முன்பு.

2007 ஜனவரி 28 அன்று, தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைக்க சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஃபேரலன் தீவுகளை நோக்கித் தன் பாய்மரப் படகில் தனியாகப் போனார் கிரே. திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடிக் களைத்த பிறகு, நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வரவழைத்து, சிறு துண்டுகளாக்கி இணையத்தில் போட்டார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொரு துண்டிலும் படகு தெரிகிறதா என்று கண்ணால் தேடினார்கள். கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் படங்களை எல்லோருக்கும் திறந்துவைத்த மனிதரை எல்லோரும் செயற்கைக்கோள் படங்களில் தேடினார்கள். விதி சில சமயம் இப்படித்தான் கணக்கு எழுதுகிறது.

வண்ணக் கட்டங்கள்

இனி கருவிக்கு வருவோம். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு பக்கத்தை உள்ளபடியே பார்ப்பதற்கு டிபிசிசி பேஜ் என்ற கட்டளை ரொம்ப நாளாக உண்டு. ஆனால் அதிகாரபூர்வக் கையேட்டில் அது கிடையாது. விடையைத் திரையில் காட்டவே 3604 என்ற ஒரு விசையை முதலில் முடுக்க வேண்டும். அதன்பின் கொட்டும் பாருங்கள், எண்கள்! பதினாறடிமானத்தில், வரி வரியாக, பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்தது போல. பழகியவர்கள் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு எண்ணி எண்ணிப் படிப்பார்கள்.

2000-களின் பிற்பகுதியில் இன்டர்னல்ஸ் வியூவர் என்ற சிறு கருவி இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. அந்த எண் கொட்டலைக் கண்ணுக்கு விருந்தாக மாற்றியது அது. விண்டோஸ் 98-இல் டிஸ்க் டிஃப்ராக்மென்டர் ஓடும்போது திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறிக்கொண்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு நிறம். எட்டு எட்டுப் பக்கங்கள் கொண்ட 64 கிலோபைட் துண்டுகளாக முழுக் கோப்பும் ஒரு நிலப்படம் போல விரியும். கிராமத்துப் புல வரைபடத்தில் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு தனித்தனியாகத் தெரிவது மாதிரி.

கோப்பின் ஆரம்பப் பக்கங்களில் யாருடைய தகவலும் இராது. நிர்வாகக் கணக்குதான் இருக்கும். ஒன்றாம் எண் பக்கத்தில், எந்தப் பக்கம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பக்கத்துக்கு ஒரு பைட் குறிப்பு. இரண்டாம் எண் பக்கத்தில், எந்தத் துண்டு காலி, எந்தத் துண்டு குடியேறிவிட்டது என்று துண்டுக்கு ஒரே ஒரு பிட். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு சுமார் 4 ஜிகாபைட் நிலத்தை நிர்வகிக்கிறார்கள். சிக்கனம் என்றால் அது!

ஒரு கட்டத்தின் மேல் அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்கும். முதல் 96 பைட் தலைப்பு. பக்க எண், எந்த அட்டவணையைச் சேர்ந்தது, முன்னால் பின்னால் யார் என்ற விவரங்களோடு, கடைசியாக இந்தப் பக்கத்தை மாற்றியது லாக் புத்தகத்தின் எத்தனையாவது பதிவு என்ற எண்ணும் அதில் இருக்கும். மின்சாரம் போய் வந்தால், பக்கம் பழையதா புதியதா என்று ஒப்பிட்டுச் சரிசெய்ய உதவுவது இந்த எண்தான். இந்த மீட்பு முறைக்கு ஏரீஸ் என்று பெயர். அதை 1992-இல் விரிவாக எழுதிய ஐபிஎம் ஆய்வாளர்களில் முதல் பெயர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். உலகத்தின் பல டேட்டாபேஸ்கள் கீழே விழுந்தாலும் எழுந்து நிற்கும் ரகசியத்தில் நம்மவர் கை இருக்கிறது.

தலைப்புக்குக் கீழே வரிகள். எந்த பைட் மேல் சுட்டியை வைத்தாலும், "இது பிறந்த தேதி", "இது பெயர்" என்று கருவி சொல்லும். ஒரு தேதியைப் பார்ப்போம். 15-8-1947. பக்கத்துக்குள் அது எப்படி இருக்கும்? 1900 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் என்ற எண்ணாக: 17,392. அதையும் நேராக எழுத மாட்டார்கள். சிறிய பகுதி முதலில் வரும். (பதினாறடிமானத்தை விட்டுவிட்டு நமக்குப் பழகிய எண்ணில் சொல்கிறேன்.) 240, 67, 0, 0. அதாவது 67-ஐ 256-ஆல் பெருக்கி 240-ஐக் கூட்டுங்கள், 17,392 வரும். நம் சுதந்திர தினம் இப்படி ஒரு மாறுவேடத்தில் உட்கார்ந்திருக்கும்.

"தமிழ்" என்ற சொல்? நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக மொத்தம் பத்து: 164, 11, 174, 11, 191, 11, 180, 11, 205, 11. இரண்டாவதாக வரும் 11-ஐக் கவனித்தீர்களா? தமிழ் எழுத்துகள் அத்தனைக்கும் அது பொது. குடும்பப் பெயர் மாதிரி. ஒரு பக்கத்தில் ஒன்று விட்டு ஒன்று 11 வந்துகொண்டே இருந்தால், படிக்காமலே ஊகிக்கலாம், அங்கே தமிழ் இருக்கக்கூடும் என்று.

ஐந்து கேள்விக்குறிகள்

இது வெறும் வேடிக்கை அல்ல என்பதற்கு ஒரு உதாரணம். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியம் பெறுபவர்களின் பட்டியலைத் தமிழில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்துத் திரையில் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எழுத்துரு கோளாறு என்று முடிவு கட்டி, எல்லா இயந்திரங்களிலும் புதுப்புது எழுத்துருக்களை ஏற்றினார்கள். ஒரு வாரம் போயிற்று. கேள்விக்குறி போகவில்லை.

கடைசியில் ஒரு பையன் பக்கத்தைத் திறந்து காட்டினான். 11 எங்கேயும் இல்லை. 63, 0, 63, 0 என்றே இருந்தது. 63 என்பது கேள்விக்குறியின் எண். அதாவது தமிழைக் காட்டத் தெரியாமல் திரை கேள்விக்குறி போடவில்லை. டிஸ்க்கிலேயே கேள்விக்குறிதான் எழுதப்பட்டிருந்தது. யூனிகோடு புலத்தில் எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னால் "என்" என்ற ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், வழியிலேயே எழுத்து மாற்றம் நடந்து, தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி விழுந்துவிடும். முனுசாமியும் கேள்விக்குறி, மரகதம்மாளும் கேள்விக்குறி. அதிலிருந்து பெயரைத் திரும்ப எடுக்க பிரம்மாவாலும் ஆகாது. நல்ல வேளையாகக் காகித விண்ணப்பங்கள் பீரோவில் இருந்தன. உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திரையில் வெற்றுச் சதுரங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். தகவல் பத்திரமாக இருக்கும். கேள்விக்குறிகள் தெரிந்தால் தகவலே போயிருக்க வாய்ப்பு அதிகம். மூலக் காகிதத்தைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். திரையைப் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது. உள்ளே பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஆவி வரிகள்

இப்போது முதல் கேள்வி. அழித்தது எங்கே போனது?

1980-களில் டிபேஸ் என்ற மென்பொருள் நம் ஊர் அலுவலகங்களில் புழங்கியது பலருக்கு நினைவிருக்கும். அதில் ஒரு ரெக்கார்டை அழித்தால், அதன் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். "ரீகால்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடும். "பேக்" என்று சொன்னால்தான் கோப்பைத் திருத்தி எழுதும். சிவப்பு மையில் கோடு போட்டு அடித்ததற்குச் சமம் அது. அதில் ஒரு நேர்மையும் இருந்தது, ஏனென்றால் இரண்டும் வேறு என்று பயன்படுத்துபவருக்கே தெரியும்.

பெரிய டேட்டாபேஸ்கள் வேகத்துக்காக அதையே மறைவில் செய்கின்றன. எஸ்க்யூஎல் சர்வரில் இண்டெக்ஸ் உள்ள அட்டவணையில் ஒரு வரியை அழித்தால், முதலில் அதற்கு "ஆவி" என்ற அடையாளம் மட்டும் விழும். அகராதிப்படியே அதன் பெயர் கோஸ்ட் ரெக்கார்டு. கேள்வி கேட்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பிறகு பின்னணியில் ஒரு துப்புரவுப் பணியாளர் வந்து, பக்கத்தின் அடிப்பட்டியலிலிருந்து அதன் இடத்தை நீக்குவார். கவனியுங்கள், பட்டியலிலிருந்து. வரியின் பைட்டுகள் அப்போதும் அங்கேயே கிடக்கலாம், வேறு வரி வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை. முழு அட்டவணையையும் ஒரே அடியாகக் காலி செய்தாலும் கதை அதேதான். நிர்வாகப் பக்கத்தில் "இந்தத் துண்டுகள் காலி" என்று பிட் மாறும். வீட்டுக்கு வெளியே "வாடகைக்கு விடப்படும்" பலகை தொங்கும். உள்ளே பழைய குடித்தனக்காரரின் சாமான்கள் அப்படியே இருக்கும்.

கருவியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அட்டவணையைக் கேட்டால் "அப்படி ஒருவர் இல்லை" என்கிறது. பக்கத்தைத் திறந்தால் அவர் பெயரும் பிறந்த தேதியும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு கம்பெனியின் குறை என்று இதை நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரஸில் அழித்த வரிகள் வாக்யூம் என்ற துப்புரவு நடக்கும் வரை பக்கத்திலேயே இருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியிலும் அடையாளம் முதலில், துப்புரவு பிறகு. (அதற்கும் வண்ணப்படம் போட்டுக் காட்டும் கருவி ஒன்றை ஜெரமி கோல் என்பவர் முன்னின்று எழுதினார்.) நம் கைபேசிகளுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட்டிலும், தனியாகச் சொல்லி வைத்தால் ஒழிய, அழித்த இடத்தைத் துடைக்காமல் விட்டுவிடலாம். இதனால் நன்மையும் உண்டு. தவறுதலாக அழித்ததை மீட்டவர்களும், குற்றவாளி அழித்த தடயத்தை எடுத்த துப்பறிவாளர்களும் இந்த ஆவிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தீமை என்ன? பழைய சர்வரின் டிஸ்க் காயலான் கடைக்குப் போகிறது. அதில் ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பட்டியல் "அழிக்கப்பட்டு" இருக்கிறது. அங்கேதான் பிரச்சினை. இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தகவலை நீக்கச் சொல்லும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. ஐரோப்பாவில் 2018 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டம் "நீக்கு" என்கிறது. அட்டவணை "நீக்கியாயிற்று" என்கிறது. பக்கம் என்ன சொல்கிறது என்று யார் பார்ப்பது? எஸ்க்யூஎல் சர்வரில் பக்கங்களில் மிச்சம் கிடப்பதைத் துடைப்பதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. எத்தனை இடங்களில் அதை ஓட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். போதாததற்கு, போன மாதத்து பேக்கப் நாடாவில் அதே பெயர் முழு உயிரோடு இருக்கும்.

காட் எழுப்பிய சுவரில் தப்பில்லை. அது இல்லாவிட்டால் இன்று ஒரு ரயில் டிக்கெட் எடுக்கக்கூட நாம் பாக்மன் சொன்ன மாலுமியாக இருக்க வேண்டியிருக்கும். கோடிக்கணக்கான மக்கள் சமையல்கட்டைப் பார்க்காமலே சாப்பிடலாம். ஆனால் ஊருக்கு ஒரு சுகாதார ஆய்வாளராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா? டேட்டாபேஸ் வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சோதனை நகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு வரியை எழுதி, பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு அதை அழித்துவிட்டு மறுபடியும் பாருங்கள். பத்துப் புத்தகம் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லும்.

மற்றவர்களுக்கு: பழைய கம்ப்யூட்டரையோ கைபேசியையோ கைமாற்றும் முன், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து முழுக்கத் துடைத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது "டெலிட் பண்ணியாச்சு" என்று சொன்னால், கிழித்தீர்களா, எரித்தீர்களா, கோடு போட்டு அடித்தீர்களா என்று தாராளமாகக் கேளுங்கள். விடை சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.